பெயர் நூறு, டவர் நாலு: ஜெர்மனியில் எந்த சிம் வாங்கலாம்?

செப்டம்பர் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். விசா, பிளாக்டு அக்கவுண்ட், வாடகை அறை எல்லாம் ஓய்ந்து, விமான டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு ஒன்று மிஞ்சும்: "ஜெர்மனியில் எந்த சிம் வாங்கட்டும்?" இந்த முறை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆஹனில் மாஸ்டர்ஸ் சேரப்போகும் ஒரு தம்பி. பவேரியாவில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கும் ஒரு அக்கா. மூன்றாவதாக, அப்பா அம்மாவை மூன்று மாதம் பெர்லினுக்கு அழைத்து வரும் ஒரு மகள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். டெலிகாம், வோடஃபோன், ஓ2, ஆல்டி டாக், லிடில் கனெக்ட், காங்ஸ்டார், லெபாரா, லைக்கா… பத்துப் பன்னிரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையைப் பார்த்துத் தலை சுற்றிப்போய்விடுகிறது. அந்தப் பட்டியலே தப்பு என்பதுதான் என் கட்சி. அதில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாது. ஜெர்மனி முழுவதற்கும் டவர் நெட்வொர்க் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். நாலாவது ஆள் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார். மற்ற பெயரெல்லாம் அந்த நாலு பேரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறைக்கு விற்பவர்கள், இல்லையென்றால் அவர்களின் பிள்ளைகள். ஆகவே முதலில் டவரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அந்த டவருக்கு எந்த வாசல் வழியாக நுழைவது என்று பாருங்கள். சிம் அட்டையில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்பது கடைசிக் கவலை.

## எதை வைத்து எடைபோடுவது?

சிக்னல். நாட்டுக்கே பொதுவான சிக்னல் தரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்கள் தூங்கும் அறை, வேலை பார்க்கும் கட்டடம், இரண்டுக்கும் நடுவே போகும் ரயில் பாதை: இந்த மூன்று இடங்களில் எது எடுக்கிறது என்பதுதான் கணக்கு.

உண்மையான வருடச் செலவு. விளம்பரத்தில் இருக்கும் மாத விலையை அப்படியே நம்ப வேண்டாம்.

வெளியேறும் வழி. ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு வேலை கிடைத்தால், ஊருக்கே திரும்ப நேர்ந்தால், எத்தனை நாளில் கைகழுவ முடியும்?

நுழையும் வழி. புதிதாக வந்தவருக்கு ஷூஃபா என்னும் கடன் வரலாறு இருக்காது. நம் ஊர் சிபில் ஸ்கோர் மாதிரி. அது இல்லாமல் சிம் தருவார்களா?

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் இது சின்ன விஷயம் இல்லை. பல ஊர்களில் பக்கத்து நாட்டுக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

வாடிக்கையாளர் சேவை, 5ஜி வேகம் இரண்டையும் நான் பின்னால் தள்ளிவிடுவேன். வாட்ஸ்அப் அழைப்புக்கும் கூகுள் மேப்புக்கும் நொடிக்கு 300 மெகாபிட் தேவையில்லை.

## நாலு பேர் எப்படி வந்தார்கள்?

கொஞ்சம் பழங்கதை. இது தெரிந்தால் கடை அட்டைகளில் எழுதியிருப்பது புரியும். 1992-ல் ஜெர்மனியில் டிஜிட்டல் மொபைல் தொடங்கியபோது இரண்டு நெட்வொர்க்குகள்: டெலிகாமின் டி1, மன்னெஸ்மன் நிறுவனத்தின் டி2. மன்னெஸ்மனை 2000-ல் பிரிட்டனின் வோடஃபோன் விழுங்கியது. உலக வணிக வரலாற்றிலேயே மிகப் பெரிய கையகப்படுத்தல்களில் அது ஒன்று. 1994-ல் ஈ-பிளஸும், 1998-ல் பிற்பாடு ஓ2 ஆன வியாக் இன்டர்காமும் சேர்ந்தன. ஆக நாலு.

2000-ல் 3ஜி அலைவரிசை ஏலம். ஆறு நிறுவனங்கள் முண்டியடித்து ஏறக்குறைய 5,000 கோடி யூரோவை அரசுக்குக் கொட்டின. அதில் மொபில்காம், குவாம் என்ற இரண்டும் சொந்த நெட்வொர்க்கை ஓட்டாமலேயே போட்டியிலிருந்து விலகின. மிஞ்சிய நாலும் 2014-ல் மூன்றாகச் சுருங்கின. ஸ்பெயினின் டெலிஃபோனிகா குழுமத்தைச் சேர்ந்த ஓ2, ஈ-பிளஸை வாங்கிவிட்டது. 2019 ஏலத்தில் 1&1 என்ற நிறுவனம் நாலாவதாக நுழைந்தது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று கேட்டால் பாரிஸில் இருக்கும் சொந்தக்காரரிடம் அவருடைய பில்லைக் கேளுங்கள். பிரான்ஸில் மூன்று பேர் நிம்மதியாக விற்றுக்கொண்டிருந்த சந்தையில் 2012 ஜனவரியில் ஃப்ரீ மொபைல் நாலாவதாக இறங்கி, 19.99 யூரோவுக்கு ஒரு பிளானும் 2 யூரோவுக்கு ஒரு பிளானும் அறிவித்தது. மற்ற மூவரும் அடித்துப் பிடித்து விலையைக் குறைத்தார்கள். நம் ஊரில் ஜியோ வந்தபோது நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி அதே காலத்தில் நாலிலிருந்து மூன்றுக்கு, எதிர்த் திசையில் போனது.

இப்போது ஒரு பொறி. சூப்பர் மார்க்கெட் சிம் அட்டைகளில் "டி-நெட் தரம்" என்று பெருமையாகப் போட்டிருக்கும். டி என்றால் டெலிகாம் என்று நினைத்து வாங்கிப் போவார்கள். மேலே பார்த்தபடி டி இரண்டு. அந்த அட்டைக்குப் பின்னால் வோடஃபோனும் இருக்கலாம்.

## டெலிகாம்

பான் நகரத்தில் தலைமையகம். கால் பங்குக்கு மேல் இன்னமும் ஜெர்மன் அரசிடமும் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூவிடமும் இருக்கிறது. கனெக்ட் என்ற தொழில்நுட்ப இதழ் ஆண்டுதோறும் நடத்தும் நெட்வொர்க் சோதனையில் பல ஆண்டுகளாக இவர்களுக்குத்தான் முதலிடம். என் அனுபவமும் அதுவே: நெடுஞ்சாலை, காட்டுப் பாதை, ரயில் என எங்கே போனாலும் கடைசியாக விழும் சிக்னல் டெலிகாமுடையதாக இருக்கும்.

விலைதான் இடிக்கும். டெலிகாமின் சொந்தப் பெயரில் சின்ன ஒப்பந்தமே கையைக் கடிக்கும். ஆனால் அதே டவரை மலிவாகத் தரும் பின்வாசல்கள் உண்டு. காங்ஸ்டார் 2007-ல் டெலிகாமே தொடங்கிய மலிவு பிராண்ட். ஃபிரேங்க் என்பது ஆப் வழியாக மட்டும் நடக்கும் இன்னொரு குட்டி. 2020-ல் மாதம் 10 யூரோ என்று அறிமுகமானது. பென்னி, ரேவே கடைகளில் தொங்கும் பென்னி மொபில், யா! மொபில் சிம்களும் டெலிகாம் டவர்தான்.

பின்வாசலில் என்ன குறையும்? வேகத்துக்கு உச்சவரம்பு இருக்கும், கடையில் போய் நின்று பேச முடியாது. ஃபிரேங்க் போன்றவற்றில் எதுவானாலும் சாட்டில்தான் தட்டச்ச வேண்டும். என்னைக் கேட்டால் இவற்றில் எதுவும் மாதாமாதம் கூடுதல் காசு கொடுக்கும் அளவுக்குப் பெரிய குறை இல்லை.

டெலிகாமின் முன்வாசல் பொருந்துவது ஓயாமல் காரில் சுற்றும் வேலைக்காரர்களுக்கு, சிம்முக்கு அலுவலகம் பணம் கட்டுகிறது என்பவர்களுக்கு, வீட்டு இன்டர்நெட்டோடு சேர்த்துக் குடும்பமாக நாலு சிம் எடுப்பவர்களுக்கு.

## வோடஃபோன்

நகரங்களில் நன்றாக இருக்கும், கிராமங்களில் ஊருக்கு ஊர் மாறும். டெலிகாமுக்கு ஒரு படி கீழே என்று சொல்லலாம். 2019 ஜூலையில் ஜெர்மனியில் முதலில் 5ஜி திறந்தது இவர்கள்தான். அந்த முந்தலின் பயன் இப்போது எதுவும் தெரியவில்லை.

இவர்களின் உண்மையான பலம் மொபைலில் இல்லை, கேபிளில். கேபெல் டாய்ச்லாந்து, யூனிட்டிமீடியா என்ற இரண்டு பெரிய கேபிள் நிறுவனங்களையும் வாங்கி வைத்திருப்பதால், உங்கள் அடுக்குமாடியில் வேகமான இன்டர்நெட் என்றால் அது வோடஃபோன் கேபிளாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி. இங்கேதான் மறைமுகச் செலவு இருக்கிறது: இரண்டு ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகள் வேறு வேறாக இருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றதன் தள்ளுபடி போய்விடும். கடைசியில் இரண்டையும் நிறுத்த மனம் வராமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பின்வாசல்கள்: லிடில் கனெக்ட், ஒட்டெலோ, சைமன் மொபைல். லிடில் கடை இல்லாத ஊர் அரிது என்பதால், ஞாயிறு தவிர எந்த நாளும் சிம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறீர்கள் என்றால் கடை எல்லாம் அடைத்திருக்கும், அதற்கேற்ப ஏற்பாடு செய்யுங்கள்.

## ஓ2

ஓ2-வைப் பற்றி பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டால் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். 2014 இணைப்புக்குப் பிறகு இரண்டு நெட்வொர்க்கையும் ஒன்றாகத் தைத்த ஆண்டுகளில் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தவர்கள் இசை கேட்டே ஓய்ந்துபோனார்கள். அந்தக் கசப்பு இன்னும் வாய்வழியாக உலவுகிறது. நெட்வொர்க் அப்புறம் வெகுவாகத் தேறிவிட்டது. ஊர்ப்புறங்களிலும் பழைய கட்டடங்களின் தடித்த சுவர்களுக்குள்ளும் மட்டும் இன்றும் கொஞ்சம் தயங்கும்.

நகரத்துக்குள் வாழும் ஒருவருக்கு ஓ2 மோசம் என்று பொதுவாகச் சொல்வது தப்பு என்பதற்கு பெர்லின் நல்ல உதாரணம். அங்கே சுரங்க ரயிலில் நீண்ட காலம் ஓ2 வாடிக்கையாளர்களுக்குத்தான் 4ஜி கிடைத்தது. விலை உயர்ந்த டெலிகாம் வைத்திருந்தவர்கள் இரண்டு நிலையங்களுக்கு இடையே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இரண்டு நெட்வொர்க்கும் வெகு தாமதமாகத்தான் அங்கே வந்து சேர்ந்தன.

பணத்துக்குக் கிடைக்கும் ஜிபி கணக்கில் இவர்கள்தான் தாராளம். ஓ2-வின் ஒப்பந்தங்களிலேயே மாதாமாதம் நிறுத்திக்கொள்ளும் வகையும் உண்டு. பின்வாசல்கள்: ஆல்டி டாக், பிளாவ், ஃபோனிக், சீபோ மொபில். இவற்றில் ஆல்டி டாக் 2005 டிசம்பரில் தொடங்கியது. மளிகைக் கடை சிம் என்ற வழக்கத்தை ஜெர்மனியில் நிலைநிறுத்தியதே அதுதான். நம் மாணவர்களில் பாதிப் பேர் முதலில் வாங்குவதும் அதைத்தான். பால் வாங்கப் போன இடத்தில் சிம்மும் வாங்கி வந்துவிடலாம்.

## 1&1

"ஐன்ஸ் உண்ட் ஐன்ஸ்" என்று சொல்வார்கள். மொன்டபவுர் என்ற சிறு ஊரில் தலைமையகம். இவர்கள் கதை எனக்குப் பிடிக்கும், சிம்மைச் சிபாரிசு செய்யத்தான் இன்னும் தயக்கம்.

2019-ல் அலைவரிசைக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். 2022 முடிவதற்குள் 1,000 இடங்களில் 5ஜி நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தேதி வந்தபோது ஒரு கை விரல்களால் எண்ணிவிடும் அளவுக்குத்தான் நிறுவியிருந்தார்கள். காரணத்தைக் கேளுங்கள்: டவர் இடம் தர ஒப்புக்கொண்டிருந்த முக்கிய நிறுவனம் வான்டேஜ் டவர்ஸ், அது வோடஃபோன் குழுமத்திலிருந்து பிறந்தது. போட்டியாளரின் பிள்ளையிடம் நிலம் கேட்டு வீடு கட்டப் போன கதை. இடம் தருவதை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள் என்று 1&1 புகார் கொடுக்க, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கார்டெல் அலுவலகம் 2023-ல் விசாரணை தொடங்கியது.

ஒருவழியாக 2023 டிசம்பரில் மொபைல் சேவை திறந்தது. சொந்த டவர் இல்லாத இடங்களில் இன்னொருவர் நெட்வொர்க்கில் தொற்றிக்கொள்ள வேண்டும். முதலில் ஓ2, 2024 ஆகஸ்டிலிருந்து வோடஃபோன். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் பல நாள் நெட்வொர்க் படுத்துவிட்டதும் உண்டு.

விலை உண்மையிலேயே குறைவு. வின்சிம், சிம்.டிஇ, ஸ்மார்ட்மொபில், பிரீமியம்சிம் என்று கண்ணைப் பறிக்கும் விலையில் வரும் பல பெயர்களும் இந்தக் குடும்பம்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருக்கிறது, இரண்டாவது சிம் இடத்தில் வேறு நெட்வொர்க்கின் ப்ரீபெய்ட் ஒன்றும் செருகியிருக்கிறது என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆம்புலன்ஸ் கூப்பிடுவதிலிருந்து வங்கி ஓடிபி வரை எல்லாவற்றுக்கும் ஒரே சிம் என்றால், நான் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன்.

## லெபாரா, லைக்கா எங்கே வருகின்றன?

இந்த இரண்டு பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. லெபாரா 2001-ல் இலங்கைத் தமிழர் மூவர் தொடங்கியது. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற பெயர்களின் முதல் எழுத்துகள்தான் "லெ-பா-ரா". லைக்காமொபைல் 2006-ல் சுபாஸ்கரன் அல்லிராஜா தொடங்கியது. தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்குத் தயாரிப்பு நிறுவனமாக அறிமுகமான அதே லைக்கா. புலம்பெயர்ந்தவர்கள் காலிங் கார்டு சுரண்டி ஊருக்குப் பேசிய காலத்தில், பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத ஒரு தேவையை இவர்கள் பிடித்தார்கள். அந்த விஷயத்தில் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் மரியாதை வேறு, இன்றைய தேவை வேறு. வாட்ஸ்அப் வந்த பிறகு, ஊருக்கு மலிவாகப் பேசுவது என்ற காரணம் பெரும்பாலோருக்கு இல்லாமல் போய்விட்டது. விதிவிலக்கு ஒன்றுண்டு: அந்தப் பக்கம் இருப்பவரிடம் பட்டன் ஃபோன்தான் இருக்கிறது, அல்லது யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஆச்சிக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியாது. அப்போது இந்தியாவுக்கோ இலங்கைக்கோ நிமிடங்கள் சேர்ந்த பிளான் உண்மையிலேயே மலிவு. இவர்களுக்கும் ஜெர்மனியில் சொந்த டவர் கிடையாது. யாருடைய டவரில் ஓடுகிறது என்பதை வாங்கும் அன்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். நண்பர் மூன்று வருடம் முன்பு சொன்னதை நம்ப வேண்டாம், இந்த ஏற்பாடுகள் மாறக்கூடியவை.

## ஒரே பார்வையில்

| | டெலிகாம் | வோடஃபோன் | ஓ2 | 1&1 |
|---|---|---|---|---|
| கிராமம், ரயில் பாதை | முதல் தேர்வு | ஊரைப் பொறுத்து | சோதித்து வாங்கவும் | பெரும்பாலும் வோடஃபோன் டவரில் தொற்றும் |
| பெருநகரம் | நன்று | நன்று | நன்று | போதும் |
| சொந்தப் பெயரில் விலை | அதிகம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| மலிவான வாசல் | காங்ஸ்டார், ஃபிரேங்க், பென்னி மொபில் | லிடில் கனெக்ட், ஒட்டெலோ, சைமன் | ஆல்டி டாக், பிளாவ், ஃபோனிக் | வின்சிம், சிம்.டிஇ |
| கவனிக்க வேண்டியது | பெயருக்குத் தரும் கூடுதல் காசு | கேபிளோடு கட்டிய தள்ளுபடி | தடித்த சுவர், ஊர்ப்புறம் | இன்னும் முழுதாகக் கட்டி முடிக்காத நெட்வொர்க் |

உங்கள் தெருவில் யாருடைய சிக்னல் என்று பார்க்க, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான பெடரல் நெட்வொர்க் ஏஜென்சி இணையத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் 4ஜி, 5ஜி எந்த இடத்தில் எட்டுகிறது என்று தனித்தனியாகக் காட்டும். கட்டடத்துக்குள் என்ன ஆகும் என்பதை எந்த வரைபடமும் காட்டாது. அதற்கு ஒரே வழி, அறையில் ஏற்கெனவே இருப்பவரிடம் கேட்பது, அல்லது மலிவான ப்ரீபெய்ட் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது.

## பில்லில் ஒளிந்திருப்பவை

நான் இங்கே வந்த புதிதில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். புது ஃபோன் 1 யூரோ என்றார்கள். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, அன்று எல்லாரும் அப்படித்தான் விற்றார்கள். 24 மாதம். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்து நிறுத்தியிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. இன்னொரு வருடம் தானாக நீண்டுவிட்டது. உடைந்துபோன ஃபோனுக்குப் பன்னிரண்டு மாதம் காசு கட்டினேன்.

அந்த அக்கிரமத்தைச் சட்டம் ஓரளவு ஒழித்துவிட்டது. 2021 டிசம்பர் முதல், முதல் தவணைக் காலம் முடிந்த பிறகு ஒரு மாத அவகாசத்தில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் கட்டணம் கிடையாது. 2022 ஜூலையிலிருந்து, ஆன்லைனில் ஒப்பந்தம் விற்பவர்கள் நிறுத்துவதற்கான பட்டனையும் தங்கள் தளத்தில் வைக்க வேண்டும். ஆனால் முதல் 24 மாதம் 24 மாதம்தான். "படிப்பு முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிறேன்" என்றால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது.

1 யூரோ ஃபோன் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான். மாதம் 45 யூரோ, 24 மாதம்: 1,080. இணைப்புக் கட்டணம் 40, ஃபோனுக்கு 1. மொத்தம் 1,121. அதே அளவு டேட்டா மலிவு வாசலில் மாதம் 15 என்றால் 24 மாதத்துக்கு 360. மிச்சம் 761 யூரோதான் அந்த "1 யூரோ" ஃபோனின் விலை. அதே ஃபோன் வெளியே 550-க்குக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல சமயம் கிடைக்கும்.

ப்ரீபெய்டிலும் ஒரு சின்னக் களவு உண்டு. விலையை மாதத்துக்கு என்று போட மாட்டார்கள், "4 வாரத்துக்கு" என்று போடுவார்கள். வருடத்துக்கு 12 இல்லை, 13 தடவை காசு போகும். 10 யூரோ பிளான் என்றால் 120 இல்லை, 130. நம் ஊர் 28 நாள் ரீசார்ஜில் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. மாத ஒப்பந்தத்தோடு ஒப்பிடும்போது மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கடையில் கையெழுத்திட்டால் பின்வாங்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கடையில் நேரில் போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை இல்லை. விற்பவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், சட்டப்படி தர வேண்டிய ஒப்பந்தச் சுருக்கத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சில மலிவுப் பிளான்களில் டேட்டா தீர்ந்தால் தானாகவே இன்னும் கொஞ்சம் ஏற்றிக் காசு எடுக்கும் ஏற்பாடு இருக்கும். வாங்கும்போதே அணைக்க முடியுமா என்று பாருங்கள். விளம்பரத்தைத் தெரியாமல் தொட்டதும் வாரச் சந்தா விழும் தொல்லைக்கு "டிரிட்அன்பீட்டர்ஸ்பெரே" என்ற தடை இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். அந்தச் சொல்லை வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

ரோமிங்குக்கு வருவோம். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் உள்ளூர் விலையிலேயே பேசலாம். இந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டன் வெளியேறிவிட்டது. சில பிளான்கள் இரண்டையும் சேர்த்துத் தருகின்றன, சில தருவதில்லை. கொன்ஸ்டன்ஸ் மாதிரி எல்லை ஊரில், வீட்டு பால்கனியிலேயே ஃபோன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, நமக்கே உரிய ஒரு சிக்கல். 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்ட் சிம்முக்கும் அடையாளச் சோதனை கட்டாயம். வீடியோவில் செய்யலாம், தபால் நிலையத்திலும் செய்யலாம். இனிஷியலோடு வாழும் நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சிம் பதியும்போது பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். வீடியோவில் மறுத்தால் மல்லுக்கட்டாமல் தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். கவுண்டரில் ஒரு மனிதர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

## கேட்ட மூவருக்கும்

ஆஹன் தம்பிக்கு: ஒப்பந்தம் வேண்டாம். ஷூஃபா வரலாறு இல்லாததால் விண்ணப்பித்தாலும் மறுக்கலாம். ஆல்டி டாக் அல்லது லிடில் கனெக்ட் ப்ரீபெய்ட் வாங்கு. முதல் ஆறு மாதத்தில் அறை, பகுதிநேர வேலை எல்லாம் மாறும். அது நிலைத்த பிறகு டவரை முடிவுசெய்துகொள்ளலாம். அங்கிருந்து நெதர்லாந்தும் பெல்ஜியமும் பக்கம். ஃபோன் அடிக்கடி டச்சு நெட்வொர்க்குக்குத் தாவும், பயப்படாதே, ஒன்றியத்துக்குள் காசு கூடாது. இந்திய சிம்மை அடுத்த இடத்தில் போட்டு உயிரோடு வைத்திரு. ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வா, வங்கி ஓடிபி வரும். அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் அணைத்துவிடு.

பவேரியா அக்காவுக்கு: டெலிகாம் டவர், ஆனால் முன்வாசல் வழியாக வேண்டாம். பென்னி மொபில் அல்லது காங்ஸ்டார் ப்ரீபெய்டில் ஒரு மாதம் ஓட்டுங்கள். மருத்துவமனைச் சுவருக்குள் எதுவுமே எடுக்காமல் போகலாம். ஆகவே வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு வரும் வசதி அந்தப் பிளானில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரவுப் பணியில் இருக்கும்போது ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அதுதான் கைகொடுக்கும். அங்கே வேலை பார்க்கும் சக நர்ஸ் யாராவது "இங்கே வோடஃபோன்தான் எடுக்கும்" என்று சொன்னால், நான் எழுதியதை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பெர்லின் மகளுக்கு: அப்பா அம்மாவுக்கு ஆளுக்கொரு ஓ2 வகை ப்ரீபெய்ட் போதும். பதிவு அவர்கள் பாஸ்போர்ட்டில் நடக்கட்டும். முதல் 4 வார பிளான் முடியும் தேதியை உங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள், அவர்களுக்கு வரும் ஜெர்மன் எஸ்எம்எஸ் புரியாது. ஊருக்குக் கிளம்பும் மாதத்தில் தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுங்கள். நடுவில் சுவிட்சர்லாந்து போவதாக எழுதியிருந்தீர்கள். பிளானில் அந்த நாடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால், ரயில் சுவிஸ் எல்லையில் இருக்கும் பாசல் நகரை நெருங்கும்போது இருவர் ஃபோனையும் கையில் வாங்கி டேட்டா ரோமிங்கை நீங்களே அணைத்துவிடுங்கள். அப்பா அணைத்துவிட்டேன் என்று சொன்னாலும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.